மிட்டாய்ப் பெட்டிக்குக் கேட் பாஸ்

நைனா,

இன்று மத்தியானம் ரேணுகா என் ஆபீசுக்கு வந்திருந்தாள். என்னோடு காலேஜில் படித்த கீழ்ப்பாக்கத்து ரேணுகா. நீ மறந்திருக்க மாட்டாய். வந்தவள் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, என் மேஜையில் கிடந்த ஃபைல்களின் மேல் வைத்தாள். உள்ளங்கை அகலம்தான். இளநீல அட்டை, குறுக்கே மெல்லிய தங்க நாடா. நாடாவை அவிழ்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. லேசான கசப்பும் வறுத்த முந்திரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு உடனே உன் மேல் கோபம் வந்தது.

செத்துப்போன மனுஷன் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. பதினோரு மாதமாக நானும் முயற்சி செய்து பார்க்கிறேன். கோபம் போகிற மாதிரி இருக்கும். எங்காவது சாக்லெட் என்று ஒரு பேச்சு வந்தால் போதும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ரேணுகாவுக்குக் கல்யாணமாகி இப்போது புதுச்சேரியில் இருக்கிறாள். அங்கே ஒரு கடையில் பிரெஞ்சு சாக்லெட்டை இப்படிச் சின்னச் சின்னப் பெட்டியாகக் கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களாம். பெரிய பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கௌரவமாக ஒன்று எடுத்துப் போகலாம் என்றுதான் அப்படி. "பூ வாங்கற மாதிரி வாங்கிட்டுப் போறாங்க" என்றாள். அவளுக்காக நாடாவை அவிழ்த்தேன். எட்டுச் சாக்லெட்டும் எட்டு ரகம். ஒன்று சிப்பி மாதிரி, ஒன்று இலை மாதிரி. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு காகிதக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. இலையை எடுத்து வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது நைனா. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

கிளம்புகிற நேரத்தில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். அதை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் அதை எழுத வரவில்லை. வரிசையாகத்தான் வர முடியும் போலிருக்கிறது.

நான் பி.ஏ. பாஸ் செய்த வருஷம். ராயபுரத்தில் நம் லைன் வீடுகளில் அதுவரை எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டியவர் யாரும் கிடையாது. நீ சர்டிபிகேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாய். ஒரு முறை காட்டினேன். அதற்குப் பிறகு வந்தவர் போனவருக்கெல்லாம் நீயே விரலை வைத்துக் காட்டினாய். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் வேலை வேண்டும். வேலை கிடைக்கவில்லையென்றால் அந்த ஆவணியிலேயே கல்யாணம் என்று அம்மா முடிவாக இருந்தாள். திருவொற்றியூரில் மாப்பிள்ளைகூடத் தயார். பெண் பி.ஏ. என்பதால் கொஞ்சம் தயங்குகிறார்கள், பரவாயில்லை, பேசிச் சரிசெய்யலாம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். படித்ததைப் பேசிச் சரிசெய்ய வேண்டிய குறையாக்கியதில் எனக்கு ஆத்திரம். வழக்கம்போல எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். எனக்கு வாய் கிடையாது. வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கடவுள் உனக்கே கொடுத்துவிட்டான்.

ஆமாம், நீ எப்படிப் பேசுவாய்! ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு வந்து, தோள்பட்டை வலியோடு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், அன்று வந்த கப்பல், அதன் கேப்டன், மேஸ்திரி, கயிறு அறுந்த கதை எல்லாம் நம் ஒற்றை அறைக்குள் வந்துவிடும். பிரெஞ்சுக் கப்பலும் அப்படித்தான் வந்தது. "அதுல ஒரு ஸ்டூவர்டு கீறான். மூக்குலயே பேசறான். அவன் சரக்குல சின்னச் சின்ன முட்டாயிப் பொட்டி கீது. பெரிய துரைங்க துண்ற சாக்லெட்டாம். சினிமா டிக்கெட் காசுக்குத் தள்ளி வுட்றான். நம்ம ஆளுங்க அல்லாரும் வாங்கிக்கினு, சாப்பாட்டு கேரியர்ல அடித் தட்டுல போட்டு, மேல சோத்தக் கொட்டி, கேட்டாண்ட சலாம் வெச்சிக்கினே வராங்க." இதை நீ எழுந்து நின்று சலாம் வைத்துக் காட்டிச் சொன்னாய். அம்மாவுக்குப் புரையேறியது.

அதற்கு மறுநாளோ என்னவோதான் ரேணுகா சொன்னாள். அவளுடைய அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் மேனேஜர். அங்கே ஆபீசில் ஒரு பெண்ணுக்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னார், உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்றாய். ஒரு சீப்பு வாழைப்பழம், ஆறு சாத்துக்குடி, மஞ்சள் பை. எனக்கு அந்த மஞ்சள் பையை அவர்கள் வீட்டு நாற்காலியின் மேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறந்து இருபது வருஷத்தில் உன்னிடம் வாய் திறந்து நான் கேட்ட பொருள் அது ஒன்றுதான்.

"நைனா, அதுல ஒரு பெட்டி…"

"எதுலமா?"

"அந்தக் கப்பல் சாக்லெட்டு."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "அய்ய, பி.ஏ. படிச்சிட்டு முட்டாயி கேக்குது பாரு!"

நீ மட்டும் சிரிக்கவில்லை. "அம்மாம் ஆசையா கேக்குது. வாங்கியாந்துர்றேன்" என்றாய். சொல்லும்போதே உன் முகம் கொஞ்சம் மாறியதை நான் பார்த்தேன். அந்த நேரத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

உனக்குக் காக்கிச் சட்டை என்றால் பயம். உன் கூட்டாளி ஒருவரை, பைக்குள் ஒரு டார்ச் லைட் இருந்ததற்காகக் கேட்டில் பிடித்து, பேட்ஜைப் பிடுங்கி வேலையை விட்டே அனுப்பியதை நீ நேரில் பார்த்தவன். அன்று முதல் வெளியே வரும்போது உன் பையை அவர்கள் கேட்காமலேயே திறந்து காட்டுவாய். லைனில் இதை நேர்மை என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பெருமைப்பட்டேன். அது பயம் நைனா. எனக்கு ஆட்களைக் கண்டால் வருவது, உனக்குக் கேட்டைக் கண்டால் வந்தது. இந்த விஷயத்தில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒன்று.

அன்று கேட்டில் நடந்ததைக் கபூர் பாய்தான் சாயங்காலம் நம் வாசலில் நின்று சொன்னார். இருபது வருஷம் உன் பக்கத்து வின்ச்சில் நின்றவர். சிரிப்பும் கோபமுமாகச் சொன்னார். அவரும் ஒரு பெட்டி வாங்கிக் கேரியரில் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் உன்னோடுதான் வந்திருக்கிறார். நீ பெட்டியைக் கேரியரில் வைக்கவில்லை. பையிலும் போடவில்லை. கையை நீட்டி, உள்ளங்கையில் பெட்டியை வைத்து, கோயிலில் கற்பூரத் தட்டு ஏந்துகிற மாதிரி நேராகக் கேட்டுக்குப் போயிருக்கிறாய்.

"இன்னாயா கையில?"

"முட்டாயி சார். பிரான்ஸ் கப்பல் முட்டாயி. வெளிய எட்த்துக்கினு போவ ஒரு பாஸ் எழுதிக் குடுங்க."

"முட்டாயிக்குப் பாஸா? போய்யா, போய்க்கினே இரு."

போய்க்கொண்டே இரு என்று அந்த ஆளே சொல்லிவிட்டான் நைனா! ஹார்பர் கேட்டில் போ என்று சொன்ன பிறகும் போகாமல் நின்ற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய். "இல்ல சார், நாளைக்கு யாரனா கேட்டா? எழுதிக் குடுத்துடுங்க" என்று நீ திரும்பத் திரும்பச் சொல்ல, அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். அப்புறம், "பெரிய ஐயா சாப்பிடப் போயிருக்காரு. வரட்டும். அப்படி ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டான்.

ஆனி மாதத்து வெயில். ஓரமாக நின்றாய். கபூர் பாய் தன் பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "டேய், நெழலுக்கு வாடா, பைலனா போடுடா" என்று கெஞ்சியிருக்கிறார். "பைல போட்டா மறைக்கிறேன்னு சொல்லுவான் பாய்" என்றாயாம். பெரிய ஐயா ஐந்து மணிக்கு வந்தார். மூன்று மணி நேரம் பிரான்ஸ் தேசத்துச் சாக்லெட் உன் உள்ளங்கையில் வெயில் காய்ந்தது.

"இவன் ஒரு பேஜாரு புடிச்சவன்மா" என்றார் கபூர் பாய். "என் பொட்டி எப்பவோ வூட்டுக்குப் போயி, புள்ளைங்க துண்ணு முடிச்சி, நாடாவத் தலையில கட்டிக்கினு கீதுங்க. இவன் இன்னும் கேட்டாண்டயே நிக்கறான்."

நீ அப்போது பாஸை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். "படிமா, படி." படித்தேன். சாக்லெட் பெட்டி ஒன்று, சொந்த உபயோகம். கீழே முத்திரை. உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை கதகதவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு பழுப்புக் கசிவு. அம்மா அதை வாங்கித் தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈர மணலில் வைத்தாள். காலையில் கல்லாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. எட்டுச் சாக்லெட் உள்ள பெட்டி குலுக்கினால் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பிரிச்சுப் பாக்கலாமா நைனா?"

"பிரிச்சா அப்புறம் அது கிஃப்டு இன்னாமா ஆவுறது? ஃபாரின் சரக்கு. பேக்கிங் டைட்டு. உள்ள ஒண்ணும் ஆயிருக்காது."

நானும் ஒப்புக்கொண்டேன். அதை மறைக்கப் போவதில்லை. சாத்துக்குடிக்குத் திரும்பிப் போயிருக்கலாம். எனக்கும் அந்த நீலப் பெட்டியை எடுத்துப் போகத்தான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நீ வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் என் பழைய பேனாவைச் செருகிக்கொண்டாய். கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாத உனக்கு எதற்குப் பேனா என்று நான் கேட்கவில்லை. ரேணுகா வீட்டுக் கூடத்தில் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாய். முழுதாக உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் என்பது போல. நான் "அப்பா, நல்லா உட்காருங்க" என்றேன். நீ திரும்பிப் பார்த்தாய். உனக்குப் பின்னால் வேறு யாரோ இருக்கிறார் என்று நினைத்துவிட்டாய். நைனா என்று கூப்பிட எனக்கு அந்த வீட்டில் வாய் வரவில்லை. அது ஒரு விநாடிதான். உனக்குப் புரிந்ததும் தலையை ஆட்டி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாய்.

ரேணுகாவின் அப்பா நல்ல மனுஷர். என்னைப் பார்த்து இங்கிலீஷில், நீ எதற்காக வேலைக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்டார். மூன்று நாளாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தயார் செய்திருந்தேன். முதல் வார்த்தை மட்டும் வரவில்லை. முதல் வார்த்தை வந்திருந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்திருக்கும். ரேணுகாவின் அம்மா தம்ளர்களை நகர்த்தி வைத்தார். ரேணுகா எனக்காக உதட்டை அசைத்துக் காட்டினாள். நான் தரையில் இருந்த பூப்போட்ட சிமெண்டுச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ ஆரம்பித்தாய். "சார், மொதல்ல அந்தப் பொட்டியப் பிரிங்க சார். அது ஒரு பெரிய கத."

ரேணுகாவின் அம்மா நாடாவை இழுத்தார். உள்ளே எட்டு இல்லை. ஒரே கட்டி. சாம்பல் பூத்த ஒரே கட்டியில் காகிதக் கிண்ணங்கள் புதைந்து, அங்கங்கே விளிம்பு மட்டும் தெரிந்தது. "ஐயோ, பூசணம் பூத்திருக்கே" என்றார் அந்த அம்மா. என் காதெல்லாம் சுட்டது. அதோடு நீ நிறுத்தியிருந்தாலும் போதும். நீ எழுந்துவிட்டாய். உள்ளங்கையை நீட்டி, கேட்டாண்ட நின்றது, முட்டாயிக்குப் பாஸா என்று அவன் கேட்டது, பெரிய ஐயா பல்லைக் குத்திக்கொண்டே வந்தது, எல்லாவற்றையும் நம் வீட்டில் நடித்துக் காட்டுகிற மாதிரியே காட்டினாய். கடைசியில் பேனாவுக்குப் பின்னாலிருந்து பாஸை எடுத்துக் கண்ணாடி மேஜையில் விரித்து வைத்தாய்.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கவர்ன்மென்ட் முத்திரை வேற! இன்னொரு தடவை சொல்லுங்க, அந்தக் கேட்காரன் என்ன சொன்னான்?" நீ இன்னொரு தடவையும் சொன்னாய். ரேணுகா தாவணி முனையைக் கடித்துக்கொண்டாள். "இன்னா சார் பண்றது, வவுத்துப் பொழப்பு" என்றாய் நீ. நீ பேசிய ஒவ்வொரு 'இன்னா'வும் எனக்கு முதுகில் விழுந்தது. காலேஜில் மூன்று வருஷம் நான் அந்தப் பேச்சு என் வாயில் வந்துவிடக் கூடாது என்றே பேசாமல் இருந்தவள். கிளம்பும்போது அவர் என்னிடம், "பார்க்கலாம்மா. சொல்லி அனுப்பறேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பெட்டியை அந்த அம்மா உள்ளே எடுத்துப் போயிருந்தார். அதிலிருந்து யாரும் ஒரு துண்டுகூடத் தின்றிருக்க மாட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நீ சந்தோஷமாக இருந்தாய். "தங்கமான மனுஷன்மா. எப்டி சிரிச்சாரு பாத்தியா?"

"உன்னப் பாத்து சிரிச்சாரு நைனா."

நீ புரியாமல் பார்த்தாய்.

"உன்னாலதான் போச்சு. போ போன்னு அவனே சொன்னான். அப்படியே வந்திருந்தா இவ்ளோ அசிங்கம் இல்ல. அவங்க வூட்ல போய் கூத்து கட்டிட்டு வந்தியே. என் வேல உன்னாலதான் போச்சு."

அவ்வளவு நீளமாக நான் உன்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. அந்த வீட்டில் வராத வார்த்தையெல்லாம் பஸ் ஸ்டாப்பில் தங்குதடையில்லாமல் வந்தது. பஸ் வந்தது. எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. நீ பின்னால் போய்க் கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். காலியாக இரண்டு சீட் இருந்தும் ராயபுரம் வரை நின்றே வந்தாய்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வேலை இல்லை. நான் அதைப் படித்துவிட்டு உனக்கு முன்னால் வைத்தேன். எழுத்துத் தெரியாது என்றாலும் என்ன எழுதியிருக்கிறது என்று நீ கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சோற்றுத் தட்டின் முன்னால் கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. அம்மாதான் முதலில் கவனித்தாள். "இன்னாயா, ஆர்பர்ல கப்பலே வர்லியா?" "வருது" என்பாய். அத்தோடு சரி. மாப்பிள்ளை வீட்டுக்கு நீயே போய், என் பொண்ணு பரீட்சை எழுதப் போகுது, ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதை எப்படிச் சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி சொல்லவில்லை. பழைய நைனாவாக இருந்தால் அது ஒரு வாரத்துக் கதை. சர்க்கார் பரீட்சை எழுதினேன். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்பதால் எனக்குத் தோதாக இருந்தது. பாரிமுனையில் வேலை கிடைத்தது. சேருகிற நாளில் நீயும் என்னோடு வந்தாய். தெரு முனையில் நின்றுவிட்டாய்.

"உள்ள வா நைனா. நாற்காலியப் பாத்துட்டுப் போ."

"வாணாம்மா. நான் வந்தா காரியம் கெட்டுடும். நீ போ."

நான் அதை விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றே வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து, நான் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஆஸ்பத்திரியிலும் அதே வார்த்தைதான். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "அவ சொல்லுவா சார். நான் பேசினா எதனா கெட்டுப்பூடும்." எனக்கு என்ன தெரியும்? நீ யாரிடமும் சொல்லவே இல்லையே! நெஞ்சில் வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட ஒரு மனுஷன் அனுமதிக்குக் காத்திருப்பானா? டாக்டர் என்னைப் பார்த்தார், நான் உன்னைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இப்போது ரேணுகா சொன்னதற்கு வருகிறேன்.

நான் இலைச் சாக்லெட்டைத் தின்றுகொண்டிருந்தபோது அவள் சிரித்தாள். "உங்க அப்பா கதையை எங்க அப்பா இப்பவும் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வார் தெரியுமா? அன்னிக்கு உங்க அப்பாதான் எங்களைக் காப்பாத்தினார்."

"என்ன காப்பாத்தினார்?"

"அந்த வேலை முந்தின நாளே போயிடுச்சேடி. மேலே இருக்கறவர் தன் சொந்தக்காரப் பொண்ணைப் போட்டுட்டார். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அப்பா முழிச்சிட்டிருந்தார். நீ வேற வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தே. நல்லவேளை, உங்க அப்பா அந்தச் சாக்லெட் கதையைச் சொன்னார், நாங்க தப்பிச்சோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்குத் தெரியும், அவர்கள் வீட்டு வேலைக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஒரு போஸ்ட் கார்டில் நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். அவளைச் சொல்லி என்ன பயன்? அவளுக்கு அது மறந்து போகிற அளவு விஷயம். கேட்டில் நீ பாஸ் வாங்காமல் வந்திருந்தாலும் அந்த வேலை இல்லை. எட்டும் எட்டாகவே இருந்திருந்தாலும் இல்லை. நான் வாய் நிறைய இங்கிலீஷ் பேசியிருந்தாலும் இல்லை. இன்னொன்றும் இன்றைக்குத்தான் உறைத்தது. நீ ஏன் அந்த நேரத்தில் பேச ஆரம்பித்தாய் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் வாய் அடைத்துப்போனதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? யாரும் என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நீ எழுந்து நின்றாய். அதற்கு நான் கொடுத்தது பஸ் ஸ்டாப்பில் அந்தப் பேச்சு. நீ அதை நம்பி, வாயை மூடிக்கொண்டு, அப்படியே போயும்விட்டாய். ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா? இந்தச் சேதியை நான் எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறாமல் நடந்தேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. கால்கள் ஹார்பர் கேட்டில் போய் நின்றன. சாயங்கால ஷிப்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கரித்தூசியும் வியர்வையுமாக அத்தனை ஆண்கள். எனக்கு அங்கே நிற்கவே கூச்சம். கபூர் பாய் கேரியரோடு வந்தார்.

"இன்னாமா, நீ இங்க நின்னுகினு கீற? வூட்ல அல்லாம் சவுக்கியம்தான?"

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கப்பல் கம்பெனி வேல…"

"அத்தப் பத்தி நீ சொல்லணுமா?" அவர் பக்கத்தில் வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். "டேய், தோ இந்தப் பொண்ணுதான்டா! அந்த மேனேஜரு வூட்டாண்ட கூப்ட்டு, சோபால உக்கார வெச்சி, இந்தா வேலன்னு குடுத்தாரு. நம்மாளு குடுத்த முட்டாயிப் பொட்டியப் பாத்து சிரிச்சாராம். இது சடார்னு எந்திரிச்சி, 'எங்க நைனா வெயில்ல நின்னு வாங்கியாந்தத பாத்து சிரிக்கிற வூட்ல எனக்கு வேல வாணாம்'னு சொல்லிட்டு வந்துச்சாம். நாலு நாளு இதே பேச்சு அவனுக்கு. வின்ச்ச வுட்டுட்டு எந்திரிச்சி நின்னு நடிச்சிக் காட்டுவான். அதான் அவன் எங்களாண்ட சொன்ன கடைசிக் கத. அதுக்கப்புறம் இன்னாவோ, பேச்சையே கொறச்சிக்கினான்."

"நைனாவா அப்படிச் சொன்னாரு?"

"பின்ன? நீ இன்னாவோ சொல்ல வந்தியே, இன்னாமா?"

கரி படிந்த ஆறேழு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் மரியாதையோடு பார்த்தன என்று நினைக்கிறேன். அவர்களில் ஒருவர், "மெய்யாலுமா பாய்? இந்தப் பொண்ணா?" என்றார்.

"ஆமா பாய்" என்றேன். "வாணாம்னு சொல்ட்டு வந்துட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னேன் நைனா. கேட்டில் நின்ற காக்கிச் சட்டைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் அன்று எழுந்திருக்கவே இல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான். இப்படி ஒருத்தியை உண்டாக்கி என் பெயரையும் வைத்து ஹார்பர் முழுக்க உலவவிட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம். அவள் மேல் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது. ஆனால் இனிமேல் யார் கேட்டாலும், அந்த வீட்டிலிருந்து எழுந்து வந்தவள் நான்தான்.